சண்டியைத் தள்ளும் குடும்பம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், காலையில் எழுந்ததும் ஒருவரையொருவர் குறை சொல்லத் தெம்பு இருக்கிற அளவுக்குச் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் சளி காய்ச்சல் அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இந்த வீட்டில் சுகமில்லாதது வழக்கம்போல் நம் கார் ஒன்றுதான், அதற்கு என்றைக்குச் சுகம் இருந்தது இன்றைக்கு இருக்க. தினமும்தான் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் என்னத்தைப் பேசுவது, உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு ஒட்டி உட்கார்ந்துகொள்கிறார், நான் வாய் திறந்தால் பாதியில் பிடுங்கிக்கொண்டு அவரே முடிக்கிறார். முன்பெல்லாம் நான் உனக்கு எழுதிய கடிதங்களைக்கூட விட்டாரா, உறையில் போடுமுன் வாங்கி, அச்சகத்தில் புரூஃப் திருத்துகிற அதே சிவப்புப் பேனாவால் கோடு போட்டுத் திருத்தித்தான் அனுப்புவார். பெண்டாட்டி மகளுக்கு எழுதும் கடிதத்துக்குப் புரூஃப் பார்த்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். இந்தக் கடிதத்தில் சிவப்பு மை இருக்காது. எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் நான் எழுதுவதை அவரால் படிக்க முடியாது. அவருக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார், நான் செய்து கொடுக்கவில்லை, அதனால் சொல்கிறேன். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, நீ கைக்குழந்தையோடு வந்து இறங்கும் நாளில் விமான நிலையத்துக்குத் தானே ஓட்டி வந்து பேத்தியை ஏற்றிக்கொண்டு வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அது விஷயமாக நேற்று என்ன நடந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் உன்னைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது, அதை முடித்துவிட்டு வருகிறேன்.

நீ அனுப்பிய போட்டோ வந்தது. புதுக் காரின் மேல் கை வைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறாய். கார் பளபளவென்று இருக்கிறது, நீ இளைத்திருக்கிறாய், அது ஒரு பக்கம் கிடக்கட்டும். காரின் மூக்கில் இருக்கிற முத்திரையைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. உலகத்தில் எத்தனை பேர் கார் செய்து விற்கிறார்கள், உனக்கு இந்த அமெரிக்கக்காரன்தான் கிடைத்தானா? பள்ளிக்கூட யூனிஃபார்மோடு நம் காரைத் தள்ளித் தள்ளிக் கை கறுத்தவள் நீ. பொதுத் தேர்வு அன்றைக்கு வேர்க்க விறுவிறுக்கப் போய் உட்கார்ந்து, உள்ளங்கைக் கரி விடைத்தாளில் ஒட்டிக்கொண்டது என்று வந்து அழுதவள் நீ. அப்படிப்பட்டவள் வளர்ந்து படித்துக் கடல் தாண்டிப் போய், கைநிறையச் சம்பாதித்து, அதே கம்பெனியின் வாசலில் போய் நின்றிருக்கிறாய். இந்தத் தப்பை நம் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். கேட்டால், இப்பல்லாம் அவங்க மாறிட்டாங்கம்மா என்கிறாய். என்ன மாறினார்கள்? போன மாதம் நடுச்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே முன்னால் இருக்கிற திரை இருண்டு போய், வேகம் எவ்வளவு என்றே தெரியாமல் ஓரம் கட்டினாயாம், அதைப் போனில் ஏதோ ஜோக் மாதிரி சொல்லிச் சிரிக்கிறாய். அந்த மாடல் கார்களையெல்லாம் பழுது பார்க்கக் கொண்டுவரச் சொல்லி அவர்களே அறிவித்திருக்கிறார்களாம், உனக்குத்தான் போக நேரமில்லையாம். நம் வீட்டுக் காரில் திரை கிடையாது, அதனால் அது இருளவும் வழியில்லை, அந்த வகையில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

உன் அப்பாவுக்கோ அந்தப் போட்டோ வந்ததிலிருந்து தரையில் கால் பாவவில்லை. போட்டோக் கடைக்குப் போய்ப் பெரிதாகப் போடச் சொல்லி, அதை மூக்கோடு ஒட்டிவைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்கிறார். நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு வந்து மறைக்கிறதாம், ஓரங்கள் மட்டும்தான் தெரிகிறதாம். வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து உட்கார வைத்து, என் மகளும் நம்ம கம்பெனிதான் வாங்கியிருக்கா என்று சொல்கிறார். நம்ம கம்பெனியாம். அவன் ஏதோ இவருக்குப் பங்கு எழுதி வைத்த மாதிரி. அதோடு விடுகிறாரா, அந்தக் கம்பெனியின் கதையை ஆதியிலிருந்து ஆரம்பிக்கிறார். உன்னைத் தூங்க வைக்கச் சொன்ன கதையே அதுதானே. தராசு செய்கிற ஒருவன் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு முதல் காரைச் செய்தானாம், பின்னால் போகிற கியர் வைக்க மறந்துவிட்டானாம், ஊருக்குள் ஓட்டிக்கொண்டு போய் ஒரு முட்டுச் சந்தில் நின்றுபோனானாம், ஊர் மக்கள் எல்லோரும் கூடி அதை அலாக்காகத் தூக்கித் திருப்பி வைத்தார்களாம். இதைச் சொல்லும்போது உன் அப்பாவுக்குப் பெருமையில் குரல் தழுதழுக்கும். எனக்கு இதில் தெரிவது ஒன்றுதான், முதல் காரிலிருந்தே அடுத்தவன் முதுகை ஒடித்துத்தான் அந்தக் கம்பெனி ஓடியிருக்கிறது. அப்புறம் அவன் பிள்ளைகள் இரண்டு பேரும், காருக்குக் கறுப்பு அடிப்பதா பச்சை அடிப்பதா என்று தொடங்கிய சண்டையில் முகம் முறித்துக்கொண்டார்கள், ஒருவன் விலகிப் போய்க் குளிர்சாதனப் பெட்டி செய்தான். அந்தப் பெட்டிகள் இன்றும் ஓடுகின்றனவாம், புத்திசாலி அவன்தான். மற்றவன் காரை நீளமாகச் செய்தான், இன்னும் நீளமாகச் செய்தான், வீட்டு ஷெட்டில் நுழையாத அளவுக்கு நீளமாகச் செய்தான். மற்ற நாட்டுக்காரர்கள் சின்னக் காராகச் செய்து வந்து நின்றதும் வாங்க ஆளில்லாமல் அரசாங்கத்திடம் மூக்கால் அழுதான். அதற்குப் பிறகு யார் யாரோ கம்பெனியை வாங்கினார்கள், விற்றார்கள், வாங்கினவனே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தான். முத்திரையில் முதலில் பறவை இருந்தது, பிறகு நட்சத்திரம் வந்தது, இப்போது வெறும் கோடு. மாற்றத் தெரிந்தது அது ஒன்றைத்தான்.

அப்படிப்பட்டவன் நம் நாட்டுக்கு வந்து தொழிற்சாலை திறந்ததும், கொடி என்ன, பேண்டு வாத்தியம் என்ன, பேப்பரில் முழுப் பக்க விளம்பரம் என்ன. அந்த விளம்பரத்துக்குப் புரூஃப் பார்த்தவர் உன் அப்பா. அங்கேதான் வினை ஆரம்பித்தது. உலகத் தரம் என்று அதில் போட்டிருந்ததை எழுத்தெண்ணிப் படித்து எழுத்தெண்ணி நம்பிவிட்டார். அச்சில் வருவதெல்லாம் எப்படி வருகிறது என்று தெரிந்த மனிதர், ஊரார் எழுதியதில் ஒற்றுப்பிழையைக்கூட விடாத மனிதர், இந்தக் காரில் மட்டும் ஒரு பிழையும் கண்டுபிடித்ததில்லை. நீ நடக்க ஆரம்பித்த வருஷம் அது நம் வீட்டுக்கு வந்தது. அவர் வைத்த பெயர் மகாராணி, நான் வைத்த பெயர் சண்டி, எது நிலைத்தது என்று தெருவில் யாரை வேண்டுமானாலும் கேள். நீ மூன்றாம் வகுப்பு போவதற்குள் கம்பெனிக்காரன், லாபம் போதவில்லை என்று ஒரு அறிக்கையை வீசிவிட்டுத் தொழிற்சாலையை மூடிக் கம்பி நீட்டிவிட்டான். சாமான் கிடைக்காது, கேட்க ஆள் கிடையாது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து அவர்களுடைய தலைமை அலுவலகத்துக்கே ஒருநாள் போன் போட்டேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு பதிவுக் குரல், பின்னால் ஒரு பியானோ. அழைப்பவரைக் காக்க வைப்பதில் எனக்கில்லாத அனுபவமா, ஆனால் நான் காக்க வைத்தவர்களுக்குக் கடைசியில் ஒரு டாக்டராவது கிடைத்தார். எனக்குப் பியானோ முடிந்து மறுபடி பியானோதான் வந்தது.

செல்ஃப் எடுக்காத வியாதி அதற்கு அப்போதிருந்தே உண்டு. எத்தனை பேட்டரி, எத்தனை மெக்கானிக், ஒன்றுக்கும் அசைந்து கொடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சீக்கிரமே கிளம்பிவிடுவோம், அதற்கு நம் வீட்டில் தள்ளும் நேரம் என்று பெயர். உன் அப்பா ஸ்டியரிங்கில் ராஜா மாதிரி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையை ஆட்டுவார், பின்னால் இடது பக்கம் நான், வலது பக்கம் நீ. இன்ஜின் பிடித்துக்கொண்டதும் அணைந்துவிடப் போகிறதே என்று நிறுத்தாமல் மெதுவாக உருட்டிக்கொண்டே போவார், நாம் ஓடிப் போய் ஏறிக்கொள்ள வேண்டும். உன் சிநேகிதிகள் பஸ்ஸில் போகும்போது பார்த்துவிடப் போகிறார்கள் என்று நீ குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டு தள்ளுவாய். இடது பக்கச் சிவப்பு விளக்கில் ஒரு மூலை உடைந்திருக்குமே, அது என் வளையல் பட்டு உடைந்தது. எல்லோருக்கும் காரின் முகம் ஞாபகம் இருக்கும், எனக்கு ஞாபகம் இருப்பது அதன் முதுகுதான். இவ்வளவுக்கும் அவர் வாயிலிருந்து கார் மேல் தப்பு என்று ஒரு வார்த்தை வந்ததில்லை. ரோடு சரியில்லை என்பார், பெட்ரோல் சரியில்லை என்பார், குளிர் என்பார், வெயில் என்பார், நீ சரியாத் தள்ளல என்பார்.

இதில் ஒரு சங்கம் வேறு. இந்தக் கம்பெனிக் கார் வைத்திருப்பவர்கள் சங்கம், உன் அப்பா நிரந்தரத் தலைவர், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நம் முன்னறையில். ஆரம்பத்தில் செருப்பு விட இடமில்லாத கூட்டம் வந்தது, ஒவ்வொருவராகக் காரைக் கை கழுவிவிட்டுப் புத்தி தெளிந்து போய்விட்டார்கள். இப்போது மிச்சம் இரண்டே பேர், உனக்குப் பல் பிடுங்கினாரே அந்தப் பல் டாக்டரும், தெருக்கோடி பேக்கரிக்காரரும். பல் டாக்டர் காரில் ஒரு மழை நாளில் கீழே இறங்கின கண்ணாடி மேலே வரவே இல்லை. சாமான் கிடைக்காததால் பல்செட் செய்கிற பொருளிலேயே கிளிப் செய்து மாட்டியிருக்கிறார், நம் காருக்கும் ஒன்று செய்து கொடுத்தார். நம் கார் ஜன்னலில் இப்போது ஈறு நிறத்தில் ஒரு கிளிப் பல்லை இளித்துக்கொண்டு இருக்கிறது. பேக்கரிக்காரர் காரில் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அலறும், நிற்காது. அதனால் அவர் வலது பக்கம் மட்டுமே திரும்பித் திரும்பி ஊரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேருவார், பிஸ்கட் டெலிவரி என்றைக்கும் தாமதம். இதையெல்லாம் இவர்கள் வெட்கமில்லாமல் பெருமையாகச் சொல்லிக்கொள்வதைத்தான் தாங்க முடியாது. பேக்கரிக்காரர் சொல்கிறார், இந்த வண்டிக்கு ஒரு தனி குணம் இருக்குங்க என்று. எனக்குக் கூடத்தான் தனிக் குணம் இருக்கிறது, எனக்கு யார் சங்கம் வைத்தார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கண் டாக்டர் போட்டோ எடுத்து, சொட்டு விட்டு, விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார். நடுப்பார்வை இரண்டு கண்ணிலும் கரைந்துகொண்டிருக்கிறது, ஊசி போட்டால் மெதுவாகக் கரையும், போனது திரும்பாது, இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது. பக்கத்தில் நான் உட்கார்ந்து கேட்டேன், அவரும் கேட்டுத் தலையாட்டினார். வெளியே வந்ததும் சாவியைக் கொடு என்றார். நான் வாக்குவாதம் செய்தேன், ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டேன், பிரயோஜனமில்லை. இந்த ஊர் ரோடு எனக்கு மனப்பாடம், கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன் என்றார், ஏதோ அது சாமர்த்தியம் மாதிரி. அப்படியே மனப்பாடத்தை வைத்துக்கொண்டு சில வாரம் ஓட்டினார். போன மாதம் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போகிறோம், பிள்ளைகளை ரோடு கடக்க விடுகிற அம்மா நட்ட நடுவில் நின்று சிவப்புக் கொடியை நீட்டிக்கொண்டிருக்கிறாள். இவர் போய்க்கொண்டே இருக்கிறார். நான் அலறின அலறலில் பிரேக்கை மிதித்தார், கார் நின்றது. ஒரு பெண் குழந்தையின் தண்ணீர் பாட்டில் உருண்டு நம் சக்கரத்தில் வந்து இடித்தது. அந்தக் குழந்தை பாட்டிலை எடுக்கலாமா வேண்டாமா என்று எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கொடிக்கார அம்மா ஜன்னலருகில் வந்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். அதற்கு உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, பிரேக் பிடிக்கலம்மா, பழைய வண்டி என்றார்.

நீயே யோசித்துப் பார். இத்தனை வருஷத்தில் அந்தக் காரைப் பற்றி அவர் சொன்ன முதல் குறை அது, அதுவும் பொய். நான் விடவில்லை, அன்றைக்கே மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, பிரேக் கச்சிதமாப் பிடிக்குதும்மா, இந்த வண்டியிலேயே உருப்படியான சாமான் அது ஒண்ணுதான் என்றார். பிரேக் மட்டும் கொஞ்சம் சோம்பியிருந்தால் அந்தக் குழந்தை என்ன ஆகியிருக்கும்? வாழ்நாளெல்லாம் அந்தச் சண்டியை நான் கரித்துக் கொட்டியிருக்கிறேன், கடைசியில் அதற்கு வக்காலத்து வாங்குகிற நிலைமையும் எனக்குத்தான் வந்தது. அவரிடம், பிரேக் மேல பழி போடாதீங்க, அது பாவம் என்றேன். அடுத்த ஞாயிறு சங்கத்தில், மகள் வரும் அன்று மூன்று காரும் வரிசையாக விமான நிலையத்துக்குப் போய் வரவேற்க வேண்டும், முன்னால் தன் கார், அதைத் தானே ஓட்டுவது என்று தீர்மானம் போட்டார். பேக்கரிக்காரர் கை தட்டினார். பல் டாக்டர் மட்டும் தட்டாமல் என்னைப் பார்த்தார்.

பல் டாக்டர் ஏன் பார்த்தார் என்றால், அவருக்கு என் ரகசியம் தெரியும். கண் டாக்டரிடம் போய் வந்த அடுத்த வாரமே நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. பல் கட்டப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவேன், உன் அப்பா விசாரித்தால் பல் டாக்டரும் ஆமாம் சார், மேல் வரிசையெல்லாம் மோசம் என்று கூசாமல் சொல்வார், சங்கத் தலைவரிடமே சொன்னார். சொல்லிக் கொடுத்த டீச்சர் உன்னைவிடச் சின்னப் பெண், வாயில் சூயிங்கம், என்னை ஆன்ட்டி ஆன்ட்டி என்று கூப்பிட்டுக்கொண்டே நடு ரோட்டில் விட்டுவிட்டாள். அந்த ஸ்கூல் கார் சாவியைத் திருப்பினதும் ஸ்டார்ட் ஆகிறது. முதல் தடவை நான் பயந்தே போய்விட்டேன், ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்தேன். கார் என்றால் அப்படித்தான் இருக்குமாம், இந்த வயதில்தான் எனக்குத் தெரிய வந்தது. முதல் டெஸ்ட்டில் தேறவில்லை, இரண்டாவதில் தேறினேன், லைசென்ஸ் வந்துவிட்டது. போட்டோவில் முழித்துக்கொண்டு இருக்கிறேன், நீ வரும்போது பார்.

நேற்றுக் காலை அவர் ஊசிக்குப் போக வேண்டிய நாள். அவர் சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள் நான் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். வந்து கதவைத் திறந்தவர் கையில் என் தோள் தட்டுப்பட்டது. எறங்கு, இது விளையாட்டுச் சாமான் இல்ல என்றார். நான் லைசென்ஸை எடுத்து நீட்டினேன். மூக்கோடு வைத்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது, கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். இதுல இருக்கறது நீதானா என்று கேட்டார். நானேதான் என்றேன். அப்ப பல்லு என்று கேட்டார். பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு என்றேன். திட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் திட்டவில்லை, வெயிலில் அப்படியே நின்றார். நான் வீறாப்பாகச் சாவியைத் திருப்பினேன், டிக் டிக் என்றது, அவ்வளவுதான். அந்தக் கம்பெனிக்காரனை மனசுக்குள் நாலு தலைமுறைக்குத் திட்டினேன். என் ஒரு காலையையாவது அவன் கெடுக்காமல் விட்டானா?

அப்போது உன் அப்பா லைசென்ஸை என் மடியில் வைத்துவிட்டு, காரின் கூரை மேல் ஒரு கையை வைத்துத் தடவிக்கொண்டே பின்பக்கம் நடந்தார். கோபித்துக்கொண்டு உள்ளே போகிறார் என்றுதான் நினைத்தேன். பின்னால் போய், இடது பக்கம், அந்த மூலை உடைந்த விளக்குக்கு மேலே, என் இடத்தில் போய் நின்று இரண்டு கையையும் ஊன்றினார். செகண்ட் கியர்ல போடு, நான் சொல்லும்போது கிளட்ச்சை விடு என்று சத்தம் கொடுத்தார். தள்ளினார். தெரு பேக்கரிப் பக்கம் கொஞ்சம் சரிவு, உனக்குத் தெரியும். விடு என்றார், விட்டேன், உலுக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தேன், தெரு நடுவில் ஒல்லியாக நின்றுகொண்டு இரண்டு உள்ளங்கையையும் தட்டித் தூசி உதறினார், நானும் நீயும் உதறுவோமே அதே மாதிரி. அவரைப் போல நான் உருட்டிக்கொண்டு போகவில்லை, ஆக்ஸிலேட்டரை விடாமல் நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். வந்தவர் பழக்கதோஷத்தில் என் பக்கத்துக் கதவைத்தான் திறந்தார். அந்தப் பக்கம் என்றேன். சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

வழியெல்லாம் வாய் ஓயவில்லை, கிளட்ச்சை மெதுவா விடு, ஹாரன் அடி, ஏன் ஹாரன் அடிக்கிற, இதேதான். பள்ளிக்கூடம் வந்தது. கொடிக்கார அம்மா கொடியை நீட்டினாள், நான் நிறுத்தினேன், என்னைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம். பிள்ளைகள் பேசிக்கொண்டு கடந்து போனார்கள், அவர் அந்தச் சத்தம் வந்த பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அன்னைக்கு பிரேக் நல்லாத்தான் பிடிச்சுது, எனக்குத்தான் கொடி தெரியல என்றார். அந்த வாயிலிருந்து தப்பு என்னுடையது என்று ஒருநாள் வரும் என்று எத்தனை வருஷம் காத்திருந்தேன். வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை, அழுகைதான் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுததில் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டேன் போலிருக்கிறது, சண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிட்டது. பின்னால் வரிசையாக ஹாரன். அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் பின்னால் போனார்.

அதனால் நீ ஒன்றும் கவலைப்படாதே. விமான நிலையத்துக்கு நாங்கள் வருகிறோம், நான்தான் ஓட்டுவேன், முன்னால் நம் கார், பின்னால் பல் டாக்டர், பேக்கரிக்காரர் மட்டும் வலது பக்கமாகவே வந்து சேர வேண்டியிருப்பதால் முன்கூட்டியே கிளம்பிவிடுவார். அம்மா ஓட்டுகிறாள் என்று அவரே போனில் சொன்னால் சிரித்துவிடாதே, ஐயோ என்றும் அழாதே, சரிப்பா என்று மட்டும் சொல். குழந்தைக்குக் காதில் பஞ்சு வைத்துக் கூட்டி வா. நீ நேரத்துக்குச் சாப்பிடு, போட்டோவில் தோள் எலும்பு தெரிகிறது. உன் காரை இந்த வாரமே கொண்டுபோய் அந்தத் திரையைச் சரி செய்துகொள், அவர்களாகவே கூப்பிடுவது அபூர்வம், இங்கே எங்களை யாரும் கூப்பிடவே இல்லை. மாப்பிள்ளைக்குக் காரை விற்றுவிடலாம் என்று யோசனை வந்தால் குறுக்கே நிற்காதே.

இவ்வளவு நேரமாக என்ன எழுதுகிறாய் என்று உன் அப்பா இப்போது கேட்டார். உங்க கம்பெனியைத் திட்டி எழுதுறேன் என்றேன். அப்படியே கண்ணைப் பத்தியும் எழுதிடு, வந்து பார்த்துப் பதறப் போறா என்றார். எழுதியாயிற்று என்று நான் சொல்லவில்லை, சரி என்றேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் எப்போதும் உங்களுக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இடது பக்கம் இப்போது அப்பாவுடையது, வலது பக்கம் நீ போனதிலிருந்து காலியாகத்தான் இருக்கிறது. தள்ளுவதற்குத் தோதான செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வா.

இப்படிக்கு,
ஸ்டியரிங் பக்கத்துக்கு மாறிவிட்ட
உன் அம்மா